அலுமினிய ஏணியும் மேலே போகிற கம்பியும்: மிளகுப் பறிப்புக்கு முன் ஒரு கேள்வி

நாகலூர்_மிளகு · ஞாயிறு, காலை 7.05

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். காப்பி பறிப்பு முடிகிற கையோடு மிளகு வந்துவிடும்.

முன்பெல்லாம் ஒற்றை மூங்கில் ஏணிதான். முழு மூங்கிலை வெட்டி, கணுவில் கிளையைக் கொஞ்சம் விட்டு நறுக்கினால் அதுவே படி. இப்போது முற்றிய மூங்கில் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் இற்றுவிடுகிறது. ஆட்களும் அலுமினிய ஏணிதான் வேண்டும் என்கிறார்கள். லேசு, சரிவில் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

போன பறிப்பில் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தோட்டத்தில் சாவு விழுந்தது. ஏணியை நிமிர்த்தியபடியே அடுத்த மரத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். தலைப்பக்கம் கம்பியில் பட்டுவிட்டது. பிடித்திருந்தவர்களில் ஒருவர் அங்கேயே போய்விட்டார். இன்னொருவர் உயிர் பிழைத்தார், ஒரு கை போனது. நேரம் சரியில்லை என்று சொல்லிக் காரியம் முடித்தார்கள்.

எங்கள் தோட்டத்தின் மேல்பாதியிலும் அதே லைன்தான் போகிறது. கம்பிக்குக் கீழேயும் பக்கத்திலும் நிற்கிற மரங்களில் மிளகை என்ன செய்வது? ஃபைபர் ஏணி யாராவது வாங்கினீர்களா? அந்த வரிசையையே விட்டுவிடலாமா?

பழைய_வயர்மேன் · ஞாயிறு, காலை 8.20

தம்பி, மின்வாரியத்தில் கம்பம் ஏறியே ஓய்வு பெற்றவன் நான். வாழப்பாடி பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன், மலையிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தெருவுக்கு மேல் போகிற கம்பிக்கு உயரம் அதிகம் வேண்டும். தோட்டம், வயல் மாதிரி இடங்களில் 11 கிலோவோல்ட் வரைக்கும் தரையிலிருந்து 4.6 மீட்டர் இருந்தால் போதும் என்கிறது விதி. அதற்கு மேல் 33 வரைக்கும் 5.2 மீட்டர். அதாவது 17 அடி. உங்கள் ஏணி எத்தனை அடி? 25-க்குக் குறையாது. கம்பி கொஞ்சமும் தொய்யாமல், எல்லாம் சட்டப்படி சரியாக இருந்தாலும் உங்கள் ஏணி அதைத் தாண்டித்தான் நிற்கும். லைன் தாழ்வு, அதனால்தான் செத்தான் என்று வாரியத்தைத் திட்டுவார்கள். தாழ்ந்து கிடக்கிற இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாழாத கம்பியும் உங்கள் ஏணிக்கு எட்டும் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, மலைச் சரிவு. கம்பத்தடியில் நின்று பார்த்தால் கம்பி உயரத்தில் தெரியும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே தரை ஏறி வந்து கம்பியை நெருங்கிவிடும். காப்பிச் செடி மறைப்பதால் ஆட்களுக்கு அது தெரியாது.

மூன்றாவது, ஏறும்போது சாகிறவர்கள் குறைவு. ஏணியை நிமிர்த்தும்போதும் நிமிர்த்தியபடி நகர்த்தும்போதும்தான் சாகிறார்கள். மேலே பார்த்து நடக்க முடியாது, காலைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். எனவே ஒவ்வொரு மரத்துக்கும் ஏணியைப் படுக்க வைத்து, படுத்தபடி தூக்கிப்போய், அப்புறம் நிமிர்த்த வேண்டும். உயரழுத்தக் கம்பியில் பட வேண்டும் என்றுகூட இல்லை, மிக நெருங்கினாலே தாவும். மூங்கில் என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். பச்சை மூங்கிலும் பனியில் நனைந்த மூங்கிலும் அந்த அழுத்தத்துக்குக் கம்பி மாதிரிதான். ஏற்காட்டுக் காலையில் நனையாத மூங்கில் எங்கே இருக்கிறது?

கெங்கவல்லி_பட்டறை · ஞாயிறு, காலை 9.02

வயர்மேன் ஐயா சொன்னது மலைக்கு. கீழே எங்கள் பக்கம் கம்பியைவிட டிராக்டர்தான் அதிகம் பேரை வாரிக்கொண்டு போகிறது. பட்டறைக்கு வருகிற வண்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்ஜின் சுழற்சியைப் பின்னால் மாட்டுகிற மிஷினுக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. தண்டுக்கு மேல் போட்டிருக்கிற பிளாஸ்டிக் உறை பத்து வண்டியில் ஒன்றில்கூட இருக்காது. கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி வீசிவிடுவார்கள். அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு 9. லுங்கி நுனியோ துண்டோ சிக்கினால் 'ஐயோ' என்று வாயைத் திறப்பதற்குள் ஆள் தண்டில் சுற்றியிருப்பார். பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய் வண்டியை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மக்காச்சோளம் அடிக்கிற மிஷினும் அப்படித்தான். நாள் முழுக்க ஒரு காடு, ராத்திரி விளக்குப் போட்டு அடுத்த காடு. கதிரை உள்ளே தள்ளுகிற வாய் குட்டையாக இருந்தால் கை நேராக உருளைக்குப் போகும். பஞ்சாப், ஹரியானா பக்கம் கதிரடிக்கும் மிஷினில் கை போனவர்கள் பெருகிப்போய்த்தான் 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டமே வந்தது. சட்டம் வந்து இத்தனை வருடம், எங்கள் ஊரில் ஒரு மிஷினை நிறுத்தி யாராவது சோதனை செய்து நான் பார்த்ததில்லை.

ஏத்தாப்பூர்_தோப்பு · ஞாயிறு, காலை 10.15

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஃபைபர் ஏணி, உறை, சட்டம். ஒரு பாக்குத்தோப்புக்காரனாகச் சொல்கிறேன். ஆள் கிடைப்பதே பெரும்பாடு. மரமேறி ஒருவரைப் பிடிக்க எத்தனை போன் போட வேண்டும் தெரியுமா? இடுப்பில் கயிறு கட்டு என்றால், அப்படியானால் நீயே ஏறு என்று போய்விடுவார். செல்வாக்கான எஸ்டேட்காரர்கள் பேசுகிற பேச்சு இது. நாங்கள் சிறு விவசாயிகள். அவர்களே வேண்டாம் என்கிற பாதுகாப்பை நாங்கள் எப்படிக் கட்டாயப்படுத்துவது?

செம்மநத்தம்_பொண்ணு · ஞாயிறு, மதியம் 1.30

அண்ணா, 'அவர்களே வேண்டாம் என்கிறார்கள்' என்று சொன்னீர்களே, அதைப் பற்றி நான் சொல்லலாமா? எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியப்பாவும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். நானும் லீவுக்குப் போயிருக்கிறேன்.

மிளகு பறிப்பது பெரும்பாலும் கிலோக் கணக்கு. ஒரு மரத்தில் ஏறி, இறங்கி, ஏணியைப் படுக்கப் போட்டு, தூக்கிப்போய், மறுபடி நிமிர்த்தினால் ஒரு நாளில் பறிக்கிற மரம் பாதியாகிவிடும். ஐயா சொன்ன முறை சரிதான். ஆனால் அந்தப் பாதிக்கூலியை யார் தருவது? யாரும் தருவதில்லை. அதனால் ஏணி நின்றபடியே நகர்கிறது. பெரியப்பா வீட்டுக் கொல்லையிலும் நாலு மரத்தில் மிளகு இருக்கிறது. அங்கே அவர் ஒருநாளும் ஏணியை நிறுத்தியபடி நகர்த்தியதில்லை. அவசரம் இல்லை, அதனால்.

இன்னொன்று. ஏறுவது ஆண்கள். அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, விழுந்த சரத்தைப் பொறுக்குவது பெண்கள். கூலி அவர்களுக்கு வேறு, எங்களுக்கு வேறு. கம்பியில் பட்டால் இருவருக்கும் ஒன்றுதான்.

வேலைக்கு வரும் வடக்கத்திக்காரர்களுக்கு மேலே போவது எந்த லைன், எந்த வரிசையில் போகிறது என்று யாரும் காட்டுவதுமில்லை. கங்காணி தமிழில் கத்துவார், அவர்கள் தலையாட்டுவார்கள்.

கெங்கவல்லி_பட்டறை · ஞாயிறு, மதியம் 1.52

இதை நான் யோசிக்கவே இல்லை. மக்காச்சோளம் அடிப்பதும் மூட்டைக் கணக்குதான். நின்றுபோன மிஷினை அணைக்காமலே கையை விட்டு அடைப்பை எடுப்பார்கள். அணைத்து, எடுத்து, மறுபடி போட்டால் மூட்டை குறையும்.

ஏத்தாப்பூர்_தோப்பு · ஞாயிறு, மாலை 4.10

பாக்கிலும் மரக்கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு மரத்தில் ஏறினவர் கீழே இறங்காமல் மரத்தை ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவுவார். பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இறங்கி ஏறச் சொன்னால் அவருக்கு நாள் கட்டாது. ஆனால் நான் என்ன செய்ய? காயை மரத்திலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆள் அவருடையது. கூலி அவர் பேசுவது. மரம் மட்டும்தான் என்னுடையது.

இரவுப்பணி_செவிலியர் · ஞாயிறு, இரவு 10.40

டியூட்டிக்கு நடுவில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். ஏணியும் டிராக்டரும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. எங்களிடம் வருவதில் பாதி கண்ணுக்குத் தெரியாதது, மருந்தடித்துவிட்டு வருகிறவர்கள்.

மா பூக்கிற நேரத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். பவர் ஸ்பிரேயரை மேல்நோக்கிப் பிடித்து, மரத்தடியில் நின்றுகொண்டு. அடித்ததில் பாதி அவர்கள் தலையிலேயே சொட்டும். முகத்தில் ஒரு துண்டு, அதுவும் நனைந்து மருந்தோடு மூக்கில் ஒட்டியிருக்கும். நாசில் அடைத்தால் வாயால் ஊதுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாந்தி, வியர்வை, எச்சில் வழிதல், கண் மங்கல், மூச்சிரைப்பு. கண் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும். வெயிலில் நின்றதால் வந்த மயக்கம் என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துக்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது, நேரத்தில் வந்தால் காப்பாற்றலாம். பாராகுவாட் என்கிற களைக்கொல்லிக்கு மாற்றுமருந்தே கிடையாது.

எனவே, துணியைக் கழற்றுங்கள், உடம்பையும் தலையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருந்து டப்பாவையோ லேபிளையோ கையோடு கொண்டு வாருங்கள். "ஏதோ வெள்ளை டப்பா" என்று சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. டப்பாவில் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். பச்சை என்றால் பால் இல்லை, அதுவும் விஷம்தான்.

2017-ல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் நமக்குப் பக்கத்தில் பெரம்பலூர், அரியலூர் பக்கமும் சாவுகள் நடந்தன. ஆத்தூர், தலைவாசல்காரர்களுக்குப் பெரம்பலூர் பக்கத்து ஊர்தானே. 2022 கடைசியில் நம் அரசு மோனோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ் உட்பட ஆறு மருந்துகளை 60 நாட்களுக்குத் தடை செய்தது. பருத்தி வயல் சாவுகளைவிடத் தற்கொலைகள்தான் அதற்குப் பெரிய காரணம். வீட்டு உத்தரத்தில் அந்த டப்பாவை வைத்திருப்பதே ஓர் ஆபத்து என்பதை மறந்துவிடுகிறோம்.

நாகலூர்_மிளகு · திங்கள், காலை 6.30

அக்கா, ரொம்ப நன்றி. பாம்புக்கும் ஒரு வரி சொல்லுங்கள். காப்பிச் செடியடியில் குனிந்து வேலை செய்பவர்களுக்கு அதுதான் பயம்.

இரவுப்பணி_செவிலியர் · திங்கள், காலை 7.15

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், நடக்க விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ல் ஏற்றுங்கள். இங்கே கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். மலையில் பச்சையாக இருக்கிற மூங்கில் விரியனுக்கு அது வேலை செய்யாது. அதற்கு வேறு சிகிச்சை, எனவே பாம்பு எப்படி இருந்தது என்று சொன்னால் உதவும். பிடித்துக் கொண்டுவர வேண்டாம், ஒரு தடவை சாக்கில் உயிரோடு கொண்டு வந்துவிட்டார்கள்! 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக நம் அரசு அறிவித்துவிட்டது. கணக்கிலாவது வருகிறது.

மஞ்சக்குட்டை_ரோடு · திங்கள், காலை 9.00

காட்டெருமையை விட்டுவிட்டீர்களே. விடியற்காலை பனியில் தோட்டத்துக்குள் நுழைகிறவர்களுக்கு அது பத்தடி தூரத்தில்தான் தெரிகிறது. அப்புறம் கதண்டு, மரத்தில் கூடு கட்டுகிற பெரிய குளவி. நிழல் கழிக்க ஓக் மரம் ஏறுவதற்கு முன்னால் கீழேயிருந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தால் கூடு தெரிந்துவிடும். யாரும் பார்ப்பதில்லை. மரத்தின் நடுவில் நிற்கும்போது கதண்டு கிளம்பினால் கயிறு கட்டியவருக்கும் தப்பிக்க வழியில்லை, கட்டாதவர் குதித்துவிடுவார்.

தென்னங்குடிபாளையம்_கிணறு · திங்கள், மதியம் 12.20

ஆத்தூர் பக்கம் எங்களுக்குக் கிணறுதான் எமன். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் டிராக்டர் பின்னோக்கி வந்து விழுகிற செய்தி படிக்காத வருடம் உண்டா? தண்ணீர் கீழே போனதும் சிலர் டீசல் இன்ஜினையே கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்குகிறார்கள். புகை மேலே போக வழியில்லை. பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கினாலும் அதே கதை. எங்கள் தாத்தா காலத்தில் அரிக்கேன் விளக்கை முதலில் இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணையாமல் எரிந்தால் இறங்கலாம். இப்போது யாரும் அதைக்கூடச் செய்வதில்லை.

கெங்கவல்லி_பட்டறை · திங்கள், மதியம் 12.45

அந்த விளக்கை நம்பாதீர்கள். காற்றில் உயிர்வளி குறைந்தால்தான் விளக்கு அணையும். இன்ஜின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு விளக்கு நன்றாகவே எரியும், ஆள் மட்டும் சுருண்டுவிடுவார். சேகோ (மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்கிற) ஆலைக் கழிவுநீர்த் தொட்டியில் வருகிற வாயு இன்னும் மோசம். முதலில் அழுகின முட்டை வாடை அடிக்கும். வாயு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று இறங்குவார்கள். சேலம் மாவட்டத்தில் மரவள்ளி இருக்கிற இடமெல்லாம் இந்தத் தொட்டி இருக்கிறது.

தென்னங்குடிபாளையம்_கிணறு · திங்கள், மதியம் 1.10

சரி, விளக்கு பற்றிச் சொன்னதற்கு நன்றி. அப்போது என்னதான் செய்வது?

கெங்கவல்லி_பட்டறை · திங்கள், மதியம் 1.35

இன்ஜினைக் கிணற்றுக்குள் வைக்காதே, நீர்மூழ்கி மோட்டார் போடு. இறங்கியே ஆக வேண்டும் என்றால் ஊதுகாற்றுக் குழாய் விட்டு நெடுநேரம் காற்றோட்டம் கொடுத்து, வாயு பார்க்கிற கருவி இருந்தால் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இழுக்க ஆள் நிறுத்தி இறங்கு. முக்கியமானது, முதல் ஆள் விழுந்தால் இரண்டாவது ஆள் இறங்கவே கூடாது. அண்ணன் விழுந்தான் என்று தம்பி, தம்பி விழுந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் அங்கேயே நின்று தீயணைப்புத் துறைக்குப் போன் போட வேண்டும். மனசு கேட்காது, எனக்குத் தெரியும்.

ஆத்தூர்_குமாஸ்தா · திங்கள், இரவு 8.05

வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் சாவு எப்படி வருகிறது என்று பேசுகிறீர்கள். அப்புறம் அந்த வீட்டுக்கு என்ன ஆகிறது என்று நான் சொல்கிறேன்.

வழக்கமாக என்ன நடக்கும்? ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து ஒன்றோ இரண்டோ லட்சம் பேசி, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி (இப்போது அது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது) நிலம் பயிரிடுகிற வேலையில் இருந்தவரும் தொழிலாளிதான். இறப்புக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டுக்கான ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், வீட்டில் நேராகக் கொடுத்தது இழப்பீட்டுக் கணக்கில் சேராது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அந்த வெள்ளைத்தாளுக்கு மதிப்பில்லை. வேலை கொடுத்தவரும் பணத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டி வரும்.

கணக்கு இது. மாதக்கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். கூலி எவ்வளவு இருந்தாலும் மாதம் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 12,000 சம்பாதித்தவர் என்றால் 6,000 பெருக்கல் 184.17, அதாவது சுமார் 11 லட்சம். குறைந்தபட்சம் 1,20,000.

ஏத்தாப்பூர் அண்ணா கேட்டதற்கு: காயை மரத்தோடு விற்றுவிட்டால், மரமேறி வியாபாரியின் ஆள். அப்படி இல்லாமல் கூலி பேசி ஒரு ஒப்பந்தக்காரரை நீங்கள் இறக்கினால், முதலில் கேட்கப்படுவது உங்களைத்தான். கட்டிவிட்டு அவரிடம் நீங்கள் வசூலிக்கலாம்.

ஏத்தாப்பூர்_தோப்பு · திங்கள், இரவு 8.40

பதினோரு லட்சமா? தோப்பை விற்றால்தான் உண்டு.

ஆத்தூர்_குமாஸ்தா · திங்கள், இரவு 9.15

அதற்குத்தான் காப்பீடு. பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் தொழிலாளர் இழப்பீட்டுக்கென்றே பாலிசி இருக்கிறது. டிராக்டருக்கு எடுக்கிறீர்கள், ஆளுக்கு எடுப்பதில்லை. குறைந்தது, உங்களிடம் வேலைக்கு வருகிறவர்களின் வங்கிக் கணக்கில் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் பாலிசி விட்டுப்போன வீடுகள் ஏராளம். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்குப் போலீஸ் புகார் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரியில் காட்டிய பதிவு வேண்டும். வீட்டில் வைத்து மந்திரித்துவிட்டு அங்கேயே இறந்துபோனால் அந்தப் பதிவு இருக்காது.

சிறு விவசாயிகளும் கூலிக்காரர்களும் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வாங்கி வைத்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இறந்த பிறகு அட்டை கேட்டு வருகிறார்கள், அப்போது நாங்கள் என்ன செய்ய?

செம்மநத்தம்_பொண்ணு · திங்கள், இரவு 10.00

காப்பீடு நல்லதுதான், செத்தபிறகு. நான் கேட்டது அதற்கு முன்னால் உள்ள பாதிக்கூலியைப் பற்றி. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய_வயர்மேன் · செவ்வாய், காலை 6.10

அந்தப் பெண் கேட்பது நியாயம். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. காட்டுப்பன்றிக்கு வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலி கட்டுகிறவர்கள் இதைப் படித்தால், அது கொலை. நடு ராத்திரி மோட்டார் போடப் போகிற பக்கத்துக் காட்டுக்காரர் சாவார், இல்லை நீங்களே அரைத்தூக்கத்தில் அதன்மேல் விழுவீர்கள். வேலி வேண்டும் என்றால் பேட்டரியில் விட்டு விட்டு அடிக்கிற சோலார் வேலி போடுங்கள், 2023 விதிப்படி வனத்துறையில் பதிவு செய்யுங்கள்.

நாகலூர்_மிளகு · செவ்வாய், காலை 7.00

எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று தோட்டத்தை நடந்து பார்த்தேன். கம்பியிலிருந்து ஏணி விழுகிற தூரத்துக்குள் இருக்கிற மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். நாலு வரிசை வருகிறது. அந்த நாலு வரிசைக்குக் கிலோக் கணக்கு கிடையாது, நாள்கூலி. ஏறுபவருக்கும் அடியில் பிடிப்பவருக்கும் ஒரே கூலி. எத்தனை மரம் முடிந்தாலும் சரி. மிளகு கொஞ்சம் கையைக் கடிக்கும், பார்த்துக்கொள்ளலாம். எங்கள் அப்பாவுக்குத்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை, நாள்கூலி என்றால் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள் என்கிறார்.

பழைய_வயர்மேன் ஐயா, அந்த வரிசைகளைக் கரண்ட் இல்லாத நாளில் பறிக்க முடியுமா?

செம்மநத்தம்_பொண்ணு · செவ்வாய், காலை 7.20

உங்கள் அப்பா சொல்வதும் நடக்கும். இரண்டு பேர் பீடி குடிப்பார்கள். குடிக்கட்டும்.

பழைய_வயர்மேன் · செவ்வாய், காலை 8.45

முடியும். துணை மின் நிலையத்தில் பராமரிப்புக்கு மின்தடை அறிவிப்பார்கள், காலை 9 மணியிலிருந்து. அந்த நாளை இந்த நாலு வரிசைக்கு ஒதுக்குங்கள். ஆனால் பேப்பரில் போட்டதை மட்டும் நம்பி ஏணியைத் தூக்காதீர்கள். வேலை சீக்கிரம் முடிந்தால் மதியத்துக்கு முன்பே கரண்ட் விட்டுவிடுவார்கள். வேறு பக்கத்திலிருந்தும் கம்பிக்கு மின்சாரம் வரலாம், யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அதுவும் வரும். பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, லைன்மேன் வந்து இரண்டு பக்கமும் அணைத்து, மண்ணோடு இணைத்து, 'இப்போது ஏறலாம்' என்று வாயால் சொன்ன பிறகுதான். அன்றைக்கும் ஏணியைப் படுக்கப் போட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

யாருக்காவது உயரழுத்தக் கம்பியில் அடித்துவிட்டால் பக்கத்தில் போகாதீர்கள். காய்ந்த குச்சியால் தள்ளுவதெல்லாம் வீட்டு லைனுக்கு, அதுவும் அரைகுறை. பிரிவு அலுவலகத்துக்கும் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கும் (94987 94987) போன் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் காலைச் சேர்த்து வைத்து, சின்னச் சின்னதாக நகர்ந்து விலகுங்கள். அகலக்கால் வைத்து ஓடினால் இரண்டு காலுக்கும் நடுவில் கரண்ட் பாயும்.

நாகலூர்_மிளகு · செவ்வாய், காலை 9.05

லைனையே மாற்றிப்போடச் சொல்லிக் கேட்க முடியாதா?

பழைய_வயர்மேன் · செவ்வாய், காலை 9.30

கேட்கலாம். செலவு உங்களுடையது, பணம் கட்டினால் செய்து கொடுப்பார்கள். பிரிவு அலுவலகம், உதவி மின்பொறியாளர் என்று விலாசமிட்டு மனு எழுதுங்கள். கம்பத்தில் எண் எழுதியிருக்கும், எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை என்று அதைக் குறிப்பிடுங்கள். கம்பி தொய்ந்த இடம் இருந்தால் போட்டோ எடுத்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று சேர்த்து எழுதுங்கள். நீங்கள் ஏணியால் அளக்கப் போகாதீர்கள், அளக்க அவர்களே வருவார்கள். தொய்வை இழுத்துக் கட்டுவது அவர்கள் வேலை, அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. மாற்றிப்போடுவதுதான் காசு. அந்த லைன் உங்கள் தோட்டத்தோடு நின்றுவிடாதே, கீழே எத்தனை தோட்டத்தின் மேல் போகிறது?

நாகலூர்_மிளகு · செவ்வாய், காலை 9.50

எங்களையும் சேர்த்து ஐந்து. போன வருடம் சாவு விழுந்த தோட்டமும் அதில் ஒன்று. இன்று சாயங்காலம் அவர்களிடம் பேசுகிறேன். சேர்ந்து மனுக் கொடுத்தால் எஸ்டிமேட்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

ஏத்தாப்பூர்_தோப்பு · செவ்வாய், காலை 10.30

எஸ்டிமேட் வந்ததும் தொகையை இங்கே போடுங்கள் தம்பி. எங்கள் தோப்பு ஓரமாகவும் ஒரு லைன் போகிறது.